நாங்குநேரி விலக்கில் திரும்பாத கார்

அன்புள்ள ஆலோசகர் அம்மாவுக்கு,

எனக்கு 33 வயது. கோவையில் ஒரு தனியார் நிறுவனத்தில் கணக்குப் பிரிவில் வேலை பார்க்கிறேன். திருமணம் ஆகவில்லை. சொந்த ஊர் நாங்குநேரிக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். அப்பா இறந்து நான்கு ஆண்டுகள் ஆகின்றன. அம்மா ஊரில் தனியாக இருக்கிறாள். அண்ணன் குடும்பத்தோடு திருநெல்வேலியில் இருக்கிறான்.

இந்த ஆண்டு ஈஸ்டருக்கு முந்தின இரவு நடக்கும் பாஸ்கா திருவிழிப்பில் கத்தோலிக்கத் திருச்சபையில் திருமுழுக்குப் பெற்றேன். யாரும் என்னை மாற்றவில்லை. காதலும் கிடையாது. அப்பா ஆஸ்பத்திரியில் கிடந்த நாள்களில், எதிரே இருந்த மாதா கோயிலின் கடைசி பெஞ்சில் மதிய நேரம் போய் உட்காருவேன். மின்விசிறிகூட ஓடாது. அழுகை வரும், தானாக நிற்கும். அப்படித் தொடங்கியதுதான். பிறகு இரண்டு ஆண்டுகள் மறைக்கல்வி வகுப்புக்குப் போனேன். அண்ணனுக்கு மட்டும் சொன்னேன். "அம்மா இருக்கும்வரை வாயைத் திறக்காதே" என்று சொல்லிவிட்டான்.

தெரேசா என்று பெயர் எடுத்தேன். புனித தேவசகாயத்தின் மனைவி பார்கவிக்குத் திருமுழுக்கில் கிடைத்த ஞானப்பூ என்ற பெயர் தெரேசாவின் தமிழ் வடிவம் என்று வகுப்பில் சொன்னார்கள். அதுதான் காரணம். அந்தப் புனிதர் நீலகண்ட பிள்ளையாகப் பிறந்து, 1745-இல் வடக்கன்குளத்தில் திருமுழுக்குப் பெற்றுத் தேவசகாயம் ஆனவர். 1752 ஜனவரி 14 அன்று ஆரல்வாய்மொழி காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்டவர். 2022-இல் புனிதர் பட்டம் பெற்றவர். அவரும் என்னைப்போல் வளர்ந்த பிறகு வந்தவர். அவர் நடந்த இடங்களையெல்லாம் தனியாகப் போய்ப் பார்க்க வேண்டும் என்று திருமுழுக்கு நாளிலேயே முடிவு செய்துவிட்டேன்.

ஆனி மாதம் நான்கு நாள் விடுப்பு எடுத்தேன். என் பழைய சின்னக் கார், ஒரு செபமாலை, மாற்றுத் துணி. அம்மாவிடம் ஆபீசில் தணிக்கை வேலை, போன் எடுக்க முடியாமல் போகலாம் என்று சொல்லிவைத்தேன். முதல் நாள் இரவு திருநெல்வேலியில் விடுதியில் தங்கினேன். அண்ணன் வீட்டுக்குப் போகவில்லை. மறுநாள் விடியற்காலையில் கிளம்பி, எங்கள் ஊருக்குத் திரும்பும் நாங்குநேரி விலக்கைத் தாண்டும்போது கண்ணைத் திருப்பிக்கொண்டு ஓட்டினேன்.

வடக்கன்குளத்தில் ஒரு பெரியவர் தானாக வந்து பேச்சுக் கொடுத்தார். அந்தக் கோயிலுக்குள் சாதிகளைப் பிரித்து ஒரு காலத்தில் சுவர் இருந்ததையும், 1910-இல் அதை இடித்ததையும் சொன்னார். எனக்கு அதைக் கேட்கப் பிடிக்கவில்லை. பாதியில் எழுந்து வந்துவிட்டேன். அங்கிருந்து காற்றாடிமலை போகும் வழியில் முப்பந்தல் இசக்கியம்மன் கோயில். இசக்கி எங்கள் குலதெய்வம். முப்பந்தலைக் கடக்கும்போது அப்பா வண்டியை நிறுத்தாமல் போனதில்லை. நான் நிறுத்தவில்லை.

காற்றாடிமலையில் மதிய வெயில், ஆளைத் தள்ளும் காற்று. அன்று உபவாசம் இருந்தேன், தண்ணீர் மட்டும்தான். மணியடிச்சான் பாறையை எல்லோரும் கல்லால் தட்டிப் பார்க்கிறார்கள். நானும் ஒரு கூழாங்கல்லை எடுத்துத் தட்டினேன். சொன்னதுபோலவே வெண்கலச் சத்தம் வந்தது. எனக்குள் ஒன்றும் வரவில்லை. மண்டியிட்டேன், காத்திருந்தேன், ஒன்றுமே இல்லை. பக்கத்தில் ஒரு குடும்பம் தூக்குச் சட்டியைத் திறந்து புளிச்சோறு சாப்பிட்டுக்கொண்டு சிரித்துப் பேசிக்கொண்டிருந்தது. எனக்கும் ஒரு இலையில் வைத்து நீட்டினார்கள். வேண்டாம் என்றேன். அவர்கள்மேல் பொறாமையாக இருந்தது.

அப்போது அம்மா போன் செய்தாள். "எங்கேடி இருக்கிறாய்? ஆரல்வாய்மொழிக் காற்று மாதிரி சத்தம் கேட்கிறதே" என்றாள். ஆபீஸ் மொட்டை மாடியில் நிற்கிறேன், கோவையிலும் ஆனியில் காற்றுதான் என்றேன். சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "ஆடிக் கோயில் கொடைக்கு வரி கேட்டுவிட்டார்கள், உன் பங்கை அண்ணனிடம் கொடுத்துவிடு" என்று சொல்லி வைத்துவிட்டாள்.

தோவாளையில் பிச்சிப்பூ வாங்கி, கோட்டாறு சவேரியார் பேராலயத்தில் தேவசகாயத்தின் கல்லறையில் வைத்தேன். காருக்கு வந்தபோதுதான் பார்த்தேன், இரண்டு பந்து வாங்கியிருக்கிறேன். ஒன்று எப்போதும்போல் அம்மாவுக்கு. அது பின் சீட்டிலேயே கிடந்து வாடியது. மறுநாள் நட்டாலம், புலியூர்க்குறிச்சி முட்டிடிச்சான் பாறை, பெருவிளை எல்லாம் போனேன். எங்கேயும் ஒன்றுமில்லை.

திரும்பும் நாள் விடியலில் முப்பந்தலில் காரை நிறுத்தினேன். ஏன் என்று தெரியவில்லை. ஒரு லாரி ஓட்டுநர் வண்டிக்கு முன்னால் கற்பூரம் ஏற்றிக்கொண்டிருந்தார். அந்த வாசனை வந்ததும் அரைமணி நேரம் காருக்குள் அழுதேன். பிறகு இறங்கிப்போய் உண்டியலில் பத்து ரூபாய் போட்டுவிட்டேன்.

அன்றிலிருந்து மூன்று வாரமாகச் சரியான தூக்கம் இல்லை. திருவிழிப்பில் பாவத்தையும் சாத்தானையும் "விட்டுவிடுகிறேன்" என்று எல்லோர் முன்னிலும் மூன்று முறை சொன்னவள் நான். பங்குத்தந்தையிடம் பாவங்களைச் சொல்லும் பாவசங்கீர்த்தனத்தில் இதைச் சொல்லப் பயமாக இருக்கிறது. இசக்கியை விட்டு வந்ததற்கு அவள் தண்டிப்பாளோ, அவளிடம் நின்றதற்கு ஆண்டவர் தண்டிப்பாரோ என்று இரண்டு பக்கமும் பயம். நான் மாறியது பொய்யா? இரண்டில் எது நான்?

பெயர் வெளியிட விரும்பாத வாசகி, கோவை

*

அன்புள்ள சகோதரிக்கு,

எந்தச் சாமி சரி என்று சொல்வது என் வேலை அல்ல. உண்டியலில் போட்ட பத்து ரூபாய் பாவமா என்ற கேள்விக்கு உங்கள் பங்குத்தந்தைதான் பதில் சொல்ல வேண்டும். அவர் இதைவிடப் பெரியவற்றைக் கேட்டிருப்பார், பயப்படாமல் போங்கள். என்னால் பேச முடிவது உங்கள் தூக்கத்தைப் பற்றியும் அந்த அரைமணி நேர அழுகையைப் பற்றியும்தான்.

கடிதத்தில் "அம்மா" என்ற சொல் எத்தனை முறை வருகிறது என்று எண்ணத் தொடங்கினேன், பாதியில் விட்டுவிட்டேன். புனிதரின் வழியைத் தேடிப் போனதாக எழுதியிருக்கிறீர்கள். அந்த வழியோ உங்கள் ஊர் விலக்கைத் தொட்டுக்கொண்டு போகிறது. அண்ணன் இருக்கும் ஊரில் விடுதியில் தூங்கி, அம்மா வாசலில் கோலம் போடும் நேரத்தில் அந்த விலக்கைக் கடந்திருக்கிறீர்கள். நான்கு நாளும் செபத்தோடுகூட இன்னொரு வேலையும் பார்த்திருக்கிறீர்கள், ஒளிந்துகொள்ளும் வேலை. காதில் காலடிச் சத்தத்துக்கு ஒரு காவல் வைத்துக்கொண்டு மண்டியிடுகிறவருக்கு மனம் எப்படி அடங்கும்?

உடம்பையும் கொஞ்சம் கணக்கில் எடுங்கள், கணக்குப் பிரிவில் இருப்பவர் நீங்கள். முதல் நாள் கோவையிலிருந்து திருநெல்வேலி வரை தனியாக ஓட்டியிருக்கிறீர்கள். மறுநாள் விடியற்காலையில் எழுந்து, வெறும் வயிற்றோடு ஆனி வெயிலில், ஆளைத் தள்ளும் காற்றில் நின்றிருக்கிறீர்கள். அந்த நிலையில் உடம்பு உணர்ச்சி எதையும் தராது, தலைவலியைத்தான் தரும். அதற்கு மேல் பொய் சொல்ல வைத்த ஒரு போன். உபவாசம் வேண்டாம் என்று சொல்லவில்லை. வண்டி ஓட்டும் நாளில் வேண்டாம் என்கிறேன்.

நீங்கள் பொறாமைப்பட்ட அந்தப் புளிச்சோற்றுக் குடும்பத்துக்கு மட்டும் காற்றாடிமலையில் வானம் திறந்ததா என்ன? அவர்களுக்கு அது தாத்தா வீடு மாதிரி. வந்தார்கள், பாறையைத் தட்டினார்கள், சாப்பிட்டார்கள். யாரும் அவர்களிடம் சான்று கேட்கவில்லை. உங்களிடமும் யாரும் கேட்கவில்லை, கேட்டது நீங்களேதான். புதிதாக ஒரு வீட்டுக்கு வந்தவர்கள் அந்த வீட்டுப் பிள்ளைகளைவிட ஒழுங்காக நடக்கப் பார்ப்பதை நான் நிறைய முறை பார்த்திருக்கிறேன். மருமகள்கள் செய்வார்கள், மதம் மாறியவர்கள் செய்வார்கள், புதிதாகக் கட்சியில் சேர்ந்தவர்களும் செய்வார்கள். வடக்கன்குளத்துப் பெரியவர் சுவரைப் பற்றிப் பேசியபோது நீங்கள் எழுந்து வந்ததும் இதனால்தான் என்று படுகிறது. வந்த வீட்டில் ஒரு விரிசல்கூட இருக்கக் கூடாது என்று நினைத்திருக்கிறீர்கள். அந்தப் பெரியவர் அங்கேயே வாழ்கிறவர். சுவர் இருந்ததும் தெரியும், இடித்ததும் தெரியும், ஞாயிற்றுக்கிழமை பூசைக்கும் போவார். அவர் பேச்சை முழுவதும் கேட்டிருந்தால் உங்களுக்கு மூச்சு கொஞ்சம் இலகுவாகியிருக்கும்.

முப்பந்தலுக்கு வருகிறேன். வாசனை, ஞாபகத்தை எழுப்புவதற்கு அனுமதி கேட்பதில்லை. கற்பூர வாசனை மூக்கில் ஏறியதும் எழுந்து வந்தது யார்? காரை ஓரங்கட்டி, உண்டியலுக்கு நாணயம் தேடும் அப்பா. அவர் இறந்த பிறகு அவர் நிறுத்தும் இடத்தில் நீங்களாகக் காரை நிறுத்தியது இதுதான் முதல் முறையோ என்று தோன்றுகிறது. மாதா கோயில் கடைசி பெஞ்சில் வந்த அழுகையும் அவருக்காகத்தான் தொடங்கியது. ஒரே அழுகை இரண்டு வாசலில் வந்திருக்கிறது. அதை வைத்து எந்த வாசல் பொய் என்று தீர்ப்பு எழுத என்னால் முடியவில்லை. இரண்டில் எது நான் என்று கேட்டீர்கள். தெரேசா என்ற பெயரைத் தேர்ந்தெடுத்தவரும் நீங்கள்தான், அம்மாவுக்கு என்று யோசிக்காமலேயே இன்னொரு பந்து பூ வாங்கியவரும் நீங்கள்தான்.

உங்கள் புனிதரிடமே ஒன்று பாருங்கள். ஆடுமாடு, சொத்து என்று அடுத்தடுத்து இழப்பு வந்து நொந்திருந்த காலத்தில், குளச்சல் போரில் பிடிபட்டுத் திருவிதாங்கூர்ப் படையில் சேர்ந்த டச்சுப் படை அதிகாரி டி லனாய் அவருக்கு, எல்லாவற்றையும் இழந்தும் நம்பிக்கையை விடாத விவிலிய யோபுவின் கதையைச் சொன்னார் என்பதுதான் வழிவழியாகச் சொல்லப்படும் வரலாறு. அவரும் துக்கத்தின் வழியாகத்தான் வந்தார், உங்களைப் போல. ஆனால் வீட்டுக்குத் தெரியாமல் வைத்துக்கொள்ளவில்லை. பார்கவி ஞானப்பூ ஆனது அவர் வீட்டில் பேசியதால்தானே. உங்கள் அம்மாவையும் மாற்றுங்கள் என்று இதற்குப் பொருள் செய்துகொள்ள வேண்டாம், தயவு செய்து. சொல்லுங்கள் என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

"அம்மா இருக்கும்வரை வாயைத் திறக்காதே" என்ற அண்ணனின் யோசனை அன்பில் வந்ததுதான், ஆனால் மோசமான யோசனை. அம்மாவின் சாவுக்குக் காத்திருக்கும் ஒரு ரகசியத்தை உங்கள் கையில் கொடுத்துவிட்டார். இரண்டு பக்கமும் தண்டனை வரும் என்ற பயம் எங்கிருந்து முளைத்தது என்று நீங்களே பார்த்துக்கொள்ளலாம். இன்னொன்று: போனில் காற்றின் சத்தத்தை வைத்து ஆரல்வாய்மொழி என்று சொல்லும் பெண்மணி, மகளின் குரலை வைத்து ஒன்றுமே ஊகித்திருக்க மாட்டாரா? சற்று நேரம் பேசாமல் இருந்தார் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள்.

கொடைக்கு முன்னால் ஊருக்குப் போங்கள். போனில் சொல்ல வேண்டாம். அண்ணனைத் தூது விடவும் வேண்டாம். அவருக்கு முந்தின நாள் ஒரு வார்த்தை சொன்னால் போதும். அம்மாவிடம் சொல்லும்போது வேதம் பேசாதீர்கள், விளக்கமும் நீளமாக வேண்டாம். எப்போது, எங்கே என்ற இரண்டு வரி போதும். உடனே மாறாதவற்றைச் சொல்லுங்கள்: மாதம் ஒருமுறை வருவது, ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போவது, அப்பாவின் திதி நாளில் வீட்டில் இருப்பது. அந்த நாளில் எந்தச் சடங்கில் எதுவரை நிற்பது என்பதைப் பங்குத்தந்தையிடம் முன்னதாகவே கேட்டு வைத்துக்கொண்டால், அங்கே நின்று தடுமாற வேண்டியிருக்காது. கொடை வரியையும் அவரிடம் கேளுங்கள். ஊர்ப் பொதுவுக்குக் கொடுக்கும் பணமா, வழிபாட்டுக் காணிக்கையா என்று அவர் எப்படிப் பார்க்கிறாரோ தெரிந்துகொண்டு முடிவெடுங்கள். எதுவானாலும் அம்மாவுக்கு நேரில் சொல்லுங்கள். அண்ணன் கையில் பணத்தைத் திணித்துவிட்டுப் பேசாமல் இருந்துவிட வேண்டாம்.

அம்மா கோபப்படுவார். "உன் அப்பா இருந்திருந்தால்" என்று தொடங்குவார். யார் உன்னைக் கெடுத்தது என்று கேட்பார். ஒரு மாதம் பேசாமலும் இருக்கலாம். அந்தக் கோபத்துக்கு அவருக்கு உரிமை உண்டு. நீங்கள் இரண்டு ஆண்டுகள் வகுப்புக்குப் போய் வந்து சேர்ந்த இடத்துக்கு, அவரை ஒரு மதியத்தில் வந்துவிடச் சொல்ல முடியாது. பேசாவிட்டாலும் மாதம் ஒருமுறை போவதை நிறுத்தாதீர்கள்.

தூக்கத்தை மட்டும் தள்ளிப்போடாதீர்கள். மூன்று வாரம் என்பது அதிகம். தண்டனை பற்றிய எண்ணம் ஒரே சுற்றில் திரும்பத் திரும்ப வந்தாலோ, வேலையைக் கெடுத்தாலோ, கோவையிலேயே ஒரு மனநல மருத்துவரைப் பாருங்கள். இரவில் தாங்க முடியாமல் போனால் 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் எந்த நேரமும் கட்டணமில்லாமல், தமிழிலேயே பேசலாம்.

காற்றாடிமலைக்கு இன்னொரு முறை போக ஆசை இருந்தால் போங்கள், ஆனி ஆடிக் காற்று ஓய்ந்த பிறகு. அந்தத் தடவை யாராவது இலையில் சோறு வைத்து நீட்டினால் வாங்கிச் சாப்பிடுங்கள். அதற்கு முன்னால் நாங்குநேரி விலக்கில் திரும்ப வேண்டியிருக்கிறது. மதியச் சாப்பாட்டு நேரத்துக்கு முன்பாகவே வீட்டுக்குப் போய்ச் சேர்ந்துவிடுங்கள். சொல்வதை மட்டும் இருவரும் சாப்பிட்டு முடித்த பிறகு சொல்லுங்கள்.