டிகிரியைப் பார்த்து கம்பெனிக்காரர்கள் என்னதான் தெரிந்துகொள்கிறார்கள்?

இன்ஜினீயரிங் மாணவர்கள்தான் இதை அதிகம் கேட்கிறார்கள். அதனால் ஐ.டி. சர்வீஸ் கம்பெனிகளின் கேம்பஸ் தேர்வை வைத்தே சொல்கிறேன்.

முதல் சுற்றில் உங்கள் டிகிரியை யாரும் உட்கார்ந்து படிப்பதில்லை, சலிக்கிறார்கள். பத்தாவது, பன்னிரண்டாவது அல்லது டிப்ளமோ, டிகிரி எல்லாவற்றிலும் 60 சதவீதம். அரியர் நிலுவை கூடாது. நடுவில் நீண்ட இடைவெளி கூடாது. பல கம்பெனிகளின் சல்லடை ஏறத்தாழ இதுதான். 59 வாங்கியவருக்கு வேலை செய்யத் தெரியாது என்று அவர்களே நம்புவதில்லை. வந்து குவியும் விண்ணப்பங்களை எங்கேயாவது வெட்டியாக வேண்டும், அவ்வளவுதான்.

பொருளியலாளர் மைக்கேல் ஸ்பென்ஸ் 1973-லேயே இதை விளக்கிவிட்டார். படிப்பு வேலைத்திறனைத் துளியும் கூட்டாவிட்டாலும் பரவாயில்லை. திறமைசாலிக்கு அதை முடிப்பது எளிது, மற்றவருக்குச் சிரமம் என்றாலே போதும், டிகிரி ஓர் அடையாளமாகிவிடும். (இந்த வகை ஆய்வுக்காக 2001-ல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.)

டிகிரி சான்றிதழைவிட அதிகம் பேசுவது மார்க்‌ஷீட்தான். அதில் தேர்ச்சி பெற்ற மாதமும் வருடமும் இருக்கும். மூன்றாம் செமஸ்டர் கணக்குப் பேப்பர் ஏழாம் செமஸ்டரில் பாஸாகியிருந்தால், அரியர் கதை கேட்காமலே தெரிந்துவிடும். அண்ணா பல்கலைக்கழகத்தில் டிஸ்டிங்ஷனுக்கு 8.5 சி.ஜி.பி.ஏ. (எல்லா செமஸ்டருக்கும் சேர்த்த சராசரிப் புள்ளி) மட்டும் போதாது, எல்லாப் பேப்பரையும் முதல் முயற்சியிலேயே முடித்திருக்க வேண்டும். அந்த ஒரு சொல்லுக்கு மதிப்பு அதனால்தான். ஆனால் உங்களுக்கு புரோகிராம் எழுத வருமா என்பதை எந்த மார்க்‌ஷீட்டும் சொல்லாது. கோடிங் டெஸ்ட் தனியாக வைப்பதே அதற்குத்தான்.

பலர் கோட்டை விடுவது விண்ணப்பத்தில். 59.6-ஐ 60 என்று போடாதீர்கள். சி.ஜி.பி.ஏ.வைச் சதவீதமாக்க உங்கள் பல்கலைக்கழகம் சொல்லும் கணக்கையே பயன்படுத்துங்கள். பழைய அரியர், இடைவெளி பற்றிக் கேட்டிருந்தால் உள்ளதைச் சொல்லிவிடுங்கள். பின்னணிச் சரிபார்ப்பு வேலையில் சேர்ந்த பிறகும் நடக்கும்; மார்க் குறைவை மன்னிக்கிற கம்பெனிகூட பொய்த் தகவலுக்கு வேலையை விட்டுத் தூக்கிவிடும்.

இன்னொன்று, நம் ஊருக்கே உரிய இனிஷியல் தொல்லை. மார்க்‌ஷீட்டில் வெறும் இனிஷியல், ஆதாரில் அப்பா பெயர் முழுதாக என்றிருந்தால் சரிபார்ப்பு அங்கேயே நின்றுவிடலாம். ஆஃபர் வரும்வரை காத்திருக்காமல், கடைசி வருடத்திலேயே எல்லா ஆவணத்திலும் பெயரை ஒப்பிட்டுப் பாருங்கள். திருத்த முடியாததற்கு, இரண்டு பெயரும் ஒருவருடையதே என்று நோட்டரியிடம் ஓர் அஃபிடவிட் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.