அமெரிக்காவில் ஹிஸ்பானிக் (ஸ்பானிய மொழி பேசும் நாடுகளின் வம்சாவளி) செவிலியர்களுக்குத் தனிச் சங்கம் எதற்கு? அதனால் மக்களுக்கு என்ன பயன்?

2020 கணக்கெடுப்பின்படி அமெரிக்க மக்களில் 18.7 சதவீதம் பேர் ஹிஸ்பானிக் வம்சாவளியினர். செவிலியர்களில் அவர்கள் பங்கு இதைவிட மிகக் குறைவு. பனாமாவில் பிறந்த செவிலியர் இல்தௌரா முரில்லோ-ரோடே 1945-இல் டெக்சாஸின் சான் அந்தோனியோவுக்கு வந்தபோதே இந்தக் குறையைக் கண்டார். 1975-இல் அவர் தொடங்கிய அமைப்புதான் இன்றைய தேசிய ஹிஸ்பானிக் செவிலியர் சங்கம்.

பயன் என்றால், முதலில் பேச்சு. ஸ்பானிய மொழி தெரிந்த செவிலியர் இல்லாத இடத்தில் பல சமயம் நோயாளியின் பிள்ளையே மொழிபெயர்க்க வேண்டியிருக்கிறது. அம்மாவின் கருப்பைக் கோளாறைப் பத்து வயதுப் பையனை வைத்து எப்படிக் கேட்பது? அவளும் பாதியை மறைத்துவிடுவாள்.

அடுத்தது சாப்பாடு. இச்சமூகத்தில் நீரிழிவு அதிகம். "மாவுச்சத்தைக் குறையுங்கள்" என்றால் யாருக்கும் ஒன்றும் விளங்காது. ஒரு வேளைக்கு எத்தனை தொர்த்தியா (மெக்சிகோ ரொட்டி), பீன்ஸை எண்ணெயில்லாமல் எப்படிச் செய்வது என்று சொன்னால்தான் வீட்டில் நடக்கும். இவை தவிர, சங்கத்தினர் தேவாலயங்களில் நடத்தும் ரத்த அழுத்தப் பரிசோதனை, தடுப்பூசி முகாம் எல்லாம் உண்டு.

ஆனால் ஸ்பானிய மொழி மட்டும் போதும் என்று நினைக்க வேண்டாம். கலிஃபோர்னியாவின் பண்ணைகளில் மிஸ்தெக் என்ற தங்கள் மொழியை மட்டுமே பேசும் மெக்சிகோ பூர்வகுடியினரும் இருக்கிறார்கள்.