ரூபெல்லா ரத்தப் பரிசோதனை: பாசிட்டிவ் என்றால் என்ன அர்த்தம்?

கேள்வி (திருப்பூர்): எனக்கு இப்போது 9 வாரம். டார்ச் டெஸ்ட்டில் ரூபெல்லா ஐஜிஜி 142, பாசிட்டிவ் என்று சிவப்பு எழுத்தில் வந்திருக்கிறது. ஐஜிஎம் நெகட்டிவ். மாமியார் கருவைக் கலைக்கச் சொல்வார்களோ என்று பயப்படுகிறார். என்ன செய்வது மேடம்?

பதில்: ஒன்றும் செய்ய வேண்டாம். இது நல்ல ரிப்போர்ட். ரூபெல்லா என்பது காய்ச்சலும் தடிப்பும் தரும் 'ஜெர்மன் தட்டம்மை'. டார்ச் என்பது கருவைப் பாதிக்கக்கூடிய சில தொற்றுகளை ஒன்றாகப் பார்க்கும் ரத்தப் பரிசோதனை. எப்போதோ வந்துபோன தொற்றோ, சின்ன வயதில் போட்ட ஊசியோ உடம்பில் விட்டுச்சென்ற எதிர்ப்புப் புரதம்தான் ஐஜிஜி. புதுத் தொற்று வந்ததும் முதலில் தோன்றும் புரதம் ஐஜிஎம், அது உங்களுக்கு நெகட்டிவ். ஒரு மில்லி ரத்தநீரில் 10 சர்வதேச அலகு இருந்தாலே பாதுகாப்பு உண்டு என்று கொள்வது வழக்கம். சில லேப்கள் 10 முதல் 15 வரை 'எல்லைக்கோடு' என்று போடுவார்கள். 142 என்பதால் தொற்று புதிது என்று ஆகாது, எண்ணை வைத்துத் தேதி சொல்ல முடியாது. லேப் கம்ப்யூட்டருக்கு நல்லது கெட்டது தெரியாது, வரம்பைத் தாண்டிய எதையும் சிவப்பாக்கிவிடும். இந்த ரிப்போர்ட்டைப் பத்திரமாக வையுங்கள். அடுத்த பிரசவத்துக்கும் இதுவே போதும்.

கேள்வி (சேலம்): எனக்கு இரண்டு முறை கரு கலைந்துவிட்டது. ரூபெல்லா ஐஜிஜி பாசிட்டிவாக இருப்பதுதான் காரணம் என்று சொல்லி மூன்று மாதத்துக்கு மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். சரியா?

பதில்: சரியில்லை. ரூபெல்லா கர்ப்பப்பைக்குள் குடியிருந்துகொண்டு ஒவ்வொரு கருவாகக் கலைக்கும் நோய் இல்லை. ஒருமுறை வந்துபோனால் எதிர்ப்புச் சக்தி நிற்கும். ஐஜிஜியை மாத்திரையால் 'இறக்க' முடியாது, இறக்கவும் கூடாது. தைராய்டு, சர்க்கரை, ரத்தத்தை உறையவைக்கும் ஆன்டிபாஸ்போலிப்பிட் ஆன்டிபாடி, கர்ப்பப்பையின் அமைப்பு, தேவைப்பட்டால் கணவன் மனைவி இருவருக்கும் குரோமோசோம் பரிசோதனை: காரணத்தை இங்கே தேடச் சொல்லுங்கள். கரு கலைந்தவர்களுக்கெல்லாம் டார்ச் எழுதும் பழக்கம் நம் ஊரில் இன்னும் போகவில்லை. அந்தப் பணத்துக்கு மேலே சொன்ன டெஸ்ட்களில் பாதியை முடித்துவிடலாம்.

கேள்வி (மதுரை): 11 வாரம். காய்ச்சல், தடிப்பு எதுவும் வரவில்லை. ஆனால் ஐஜிஎம் 1.3, பாசிட்டிவ் (வரம்பு 1). ஐஜிஜியும் பாசிட்டிவ். குழந்தைக்குக் கண், காது, இதயம் பாதிக்கும் என்று படித்ததிலிருந்து தூக்கமே இல்லை.

பதில்: நீங்கள் படித்தது பொய் இல்லை. முதல் 12 வாரத்துக்குள் தாய்க்குப் புதிதாக ரூபெல்லா வந்தால் குழந்தைக்குப் பாதிப்பு ஏற்படும் வாய்ப்பு 85 சதவீதம் வரை போகும். 13 முதல் 16 வாரத்தில் அது ஏறக்குறைய 50 சதவீதம், 20 வாரத்துக்குப் பிறகு ஊனம் ஏற்படுவது அரிது. ஆனால் உங்களுக்கு வந்திருக்கிறதா என்பதுதான் கேள்வி. தடிப்பும் இல்லை, ரூபெல்லா வந்தவர் யாரோடும் பழகவில்லை என்றால், இப்படி எல்லையை ஒட்டிய ஐஜிஎம் பெரும்பாலும் பொய் பாசிட்டிவ்தான். பார்வோ வைரஸ், எப்ஸ்டீன்-பார் வைரஸ், ரத்தத்தில் இருக்கும் ருமட்டாய்டு காரணி ஆகியவை அந்த டெஸ்ட்டை ஏமாற்றும். ஊசி போட்டவர்களில் சிலருக்கு ஐஜிஎம் பல மாதம் நீடிப்பதும் உண்டு.

முதலில் பழைய ரிப்போர்ட்களைத் தேடுங்கள். இந்தக் கர்ப்பத்துக்கு முன்பே ஐஜிஜி பாசிட்டிவாக இருந்திருந்தால் கவலையை விட்டுவிடலாம். இல்லையென்றால் அதே ரத்தத்தில் 'ஐஜிஜி அவிடிட்டி' பார்க்கச் சொல்லுங்கள். ஐஜிஜி கிருமியை எவ்வளவு இறுக்கமாகப் பிடிக்கிறது என்று அளப்பது அது. பிடி இறுக்கமாக இருந்தால் தொற்று வந்து மூன்று மாதத்துக்கு மேல் ஆகிவிட்டது, அதாவது கரு தங்குவதற்கு முன்பே. உங்களுக்கு 11 வாரம் என்பதால் இந்த டெஸ்ட் இப்போது தெளிவான பதில் தரும். இதையே 22 வாரத்தில் எடுத்தால், 'இறுக்கம்' என்று வந்தாலும் முதல் மூன்று மாதத்தில் தொற்று வரவில்லை என்று சொல்ல முடியாது. அதனால் தள்ளிப்போடாதீர்கள். எல்லா லேப்பிலும் இது கிடையாது, பெரிய ரெஃபரன்ஸ் லேப்புக்கு அனுப்பச் சொல்லிக் கேளுங்கள்.

பிடி தளர்வாக வந்தால் 2–3 வாரம் கழித்து இன்னொரு ரத்தம் எடுத்து, முதல் ரத்தத்தையும் இரண்டாவதையும் ஒரே லேப்பில் ஒரே நாளில் ஓட்ட வேண்டும். ஒன்றை இங்கும் மற்றதை வேறு லேப்பிலும் கொடுத்து எண்களை ஒப்பிடுவதுதான் அடிக்கடி நடக்கும் தப்பு. கிட் மாறினால் எண் மாறும். ஐஜிஜி நான்கு மடங்கு ஏறியிருந்தால் புதிய தொற்று என்று எடுத்துக்கொண்டு கரு மருத்துவ நிபுணரிடம் போக வேண்டும். பனிக்குட நீரில் பிசிஆர் (கிருமியின் மரபணுவைத் தேடும் டெஸ்ட்) பார்ப்பதெல்லாம் 18 வாரத்துக்குப் பிறகுதான், தொற்று வந்து 6 வாரமாவது ஆகியிருக்கவும் வேண்டும். ஒரே ஒரு ஐஜிஎம் காகிதத்தை நம்பிக் கருவைக் கலைக்கும் முடிவுக்குப் போகவே கூடாது.

கேள்வி (விழுப்புரம், ஆசிரியை): 7 வாரம். என் வகுப்புப் பையனுக்கு உடம்பெல்லாம் தடிப்பு, காதுக்குப் பின்னால் நெறிகட்டி. நான் இதுவரை ரூபெல்லா டெஸ்ட் எடுத்ததில்லை.

பதில்: நாளைக்கே ஐஜிஜி எடுங்கள். வெறும் வயிறு தேவையில்லை. தடிப்பு வருவதற்கு 7 நாள் முன்பிருந்தே பையனிடமிருந்து கிருமி பரவும், உங்கள் உடம்புக்குள் அது வளர 2 முதல் 3 வாரம் ஆகும். அதனால் பழகிய சில நாளுக்குள் எடுத்த ரத்தத்தில் ஐஜிஜி இருந்தால் அது பழைய பாதுகாப்பு, நிம்மதியாக இருக்கலாம். நெகட்டிவ் என்றால் மீதி ரத்தநீரைப் ஃபிரீஸரில் வைக்கச் சொல்லிவிட்டு, 2–3 வாரத்தில் ஒருமுறை, பழகிய நாளிலிருந்து 6 வாரத்தில் ஒருமுறை மறுபடி எடுங்கள். இடையில் தடிப்பு வந்தால் அந்த நாளைக் குறித்துக்கொண்டு உடனே சொல்லுங்கள், தொண்டை ஸ்வாப் எடுக்க அதுதான் நேரம். பையனுக்கும் டெஸ்ட் எடுக்க முடிந்தால் உங்கள் பாதிக் குழப்பம் தீரும். தடிப்பெல்லாம் ரூபெல்லா இல்லை.

கேள்வி: எனக்கு ஆறு வயதில் அம்மை போட்டது, வேப்பிலை கட்டி வைத்திருந்தார்கள். அப்படியானால் பாதுகாப்பு இருக்கும்தானே?

பதில்: சொல்ல முடியாது. அது பெரும்பாலும் சின்னம்மையாகவோ தட்டம்மையாகவோ இருந்திருக்கும். ஒன்று வந்தால் இன்னொன்றுக்குக் காப்பு இல்லை. ரூபெல்லா பல பேருக்குத் தெரியாமலே வந்து போகும். ஐஜிஜி ரிப்போர்ட் அல்லது ஊசி அட்டை, இரண்டில் ஒன்று வேண்டும். கர்ப்பத்தில் போடும் டிடி ஊசி ரணஜன்னிக்கும் தொண்டை அடைப்பானுக்குமானது, அதையும் இதில் சேர்க்காதீர்கள்.

கேள்வி (கோவை): வயது 26, கல்யாணம் நிச்சயமாகியிருக்கிறது. 2017-இல் பள்ளிகளில் போட்ட எம்ஆர் (தட்டம்மை-ரூபெல்லா) ஊசி எனக்குக் கிடைத்திருக்குமா?

பதில்: இருக்காது. தமிழ்நாட்டில் 2017 பிப்ரவரியில் தொடங்கிய அந்த முகாம் 9 மாதம் முதல் 15 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு. 2002 தொடக்கத்துக்கு முன் பிறந்த பெண்கள் அதில் விடுபட்டவர்கள். இப்போது பிள்ளை பெறும் வயதில் பெரும் பங்கு அவர்கள்தான். தனியாரில் எம்எம்ஆர் (தட்டம்மை, பொன்னுக்கு வீங்கி, ரூபெல்லா மூன்றுக்குமான ஊசி) ஒரு டோஸ் போட்டுக்கொள்ளுங்கள், ரூபெல்லாவுக்கு அது போதும். 28 நாளுக்குக் கரு தங்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஒன்றிரண்டு வாரத்தில் லேசான காய்ச்சல், விரல் மூட்டில் வலி வரலாம், தானே போய்விடும். ஊசி அட்டையை நகைப் பெட்டியில் வையுங்கள், அவ்வளவு மதிப்பு அதற்கு.

கேள்வி: ஊசி போட்டு பத்து நாளில் தெரிந்தது, நான் முழுகாமல் இருக்கிறேன்!

பதில்: கலைக்கத் தேவையில்லை. இது உயிருள்ள கிருமியை வலுவிழக்கச் செய்த ஊசி என்பதால் கர்ப்பத்தில் போடுவதில்லை. ஆனால் தெரியாமல் போட்டுக்கொண்ட பெண்களைத் தொடர்ந்து கவனித்ததில் ஊசியால் குழந்தைக்கு ரூபெல்லா ஊனம் வந்ததாகப் பதிவு இல்லை. இனி ஐஜிஎம் டெஸ்ட் எடுக்கவே வேண்டாம், ஊசியாலேயே பாசிட்டிவ் காட்டி வீணாகப் பதற வைக்கும்.

கேள்வி (லண்டன்): அக்கா, நான் யாழ்ப்பாணம். இங்க ரூபெல்லா டெஸ்ட் செய்யேல்லை, கேட்டால் தேவையில்லை எண்டினம். ஏன்?

பதில்: இங்கிலாந்தில் 2016 ஏப்ரலோடு கர்ப்பிணிகளுக்கான அந்தப் பரிசோதனையை நிறுத்திவிட்டார்கள். நோயே அரிதாகிவிட்ட இடத்தில் அது குழப்பத்தைத்தான் கூட்டியது. அதற்குப் பதில் எம்எம்ஆர் இரண்டு டோஸ் பதிவில் இருக்கிறதா என்று பார்க்கிறார்கள். இலங்கையில் ரூபெல்லா ஊசி 1996-இலேயே தொடங்கியது, ஊரில் அட்டை இருந்தால் எடுப்பித்து ஜிபியிடம் (உங்கள் குடும்ப மருத்துவரிடம்) கொடுங்கள். இல்லாவிட்டால் பிரசவத்துக்குப் பிறகு போட்டுக்கொள்ளலாம்.

கேள்வி (தஞ்சாவூர்): ஐஜிஜி நெகட்டிவ். அடுத்த வாரம் பிரசவம். என் ரத்த வகை ஓ நெகட்டிவ். எப்போது ஊசி போடலாம்? தாய்ப்பால் நிறுத்தணுமா?

பதில்: பிரசவமானதும், வீட்டுக்குப் போகும் முன்பே போட்டுக்கொள்ளுங்கள். பால் நிறுத்த வேண்டாம். உங்கள் ரத்த வகை நெகட்டிவ் என்பதால் ஆன்டி-டி ஊசியும் போடுவார்கள், அதற்காக இதைத் தள்ளிவைக்க வேண்டாம், 'பிறகு பார்க்கலாம்' என்று விட்டால் அடுத்த கர்ப்பத்தில்தான் நினைவு வரும். ஆன்டி-டி அல்லது ரத்தம் ஏற்றியது ஊசியின் வேலையைக் குறைத்திருக்கலாம் என்பதால் 3 மாதம் கழித்து ஐஜிஜி எடுத்து, 10-க்குக் கீழே இருந்தால் இன்னொரு டோஸ் போடுங்கள்.

கேள்வி: என் இரண்டு மாதக் குழந்தைக்கு ரூபெல்லா ஐஜிஜி பாசிட்டிவ். ஐஜிஎம் நெகட்டிவ்.

பதில்: அது உங்கள் ஐஜிஜி, நஞ்சுக்கொடி வழியாகப் போனது. ஒரு வயதுக்குள் கரைந்துவிடும். 9 மாதம் முடிந்ததும் எம்ஆர் முதல் டோஸ், 16 மாதத்துக்குப் பிறகு இரண்டாவது.