பாய்லர் ரூம் தூசியும் நாற்பது வருஷம் கழித்து வரும் மூச்சிரைப்பும்

தொழில் காரணமாக வரும் நுரையீரல் நோய்களைப் பார்க்கும் மருத்துவன் நான். இந்த முறை வந்த கடிதங்களில், கடற்படையில் இயந்திரப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவர்களும் அவர்கள் வீட்டாரும் எழுதியவைதான் அதிகம். கேள்விகளைச் சுருக்கியிருக்கிறேன். எல்லாமே கப்பலில் சூடு தாங்கப் போட்ட கல்நாரின் தூசியைப் பற்றியவை. கல்நார் என்றாலும் ஆஸ்பெஸ்டாஸ் என்றாலும் ஒன்றுதான்.

கேள்வி: நீராவிக் கப்பலில் ஒன்பது வருஷம் பாய்லர் ரூம், அதன்பிறகு முப்பது வருஷத்துக்கு மேல் ஆபீஸ் வேலை. இப்போது 71 வயது, ஒரு தொந்தரவும் இல்லை. இத்தனை வருஷம் வராதது இனிமேலா வரப்போகிறது?

பதில்: வரலாம் ஐயா. மூச்சோடு உள்ளே போகும் கல்நார் இழை ஊசி மாதிரி நீளமாக இருப்பதால், நுரையீரலின் துப்புரவு செல்களால் அதை முழுசாக விழுங்கி அகற்ற முடிவதில்லை, அது அங்கேயே தங்கி வருஷக்கணக்கில் அழற்சியை உண்டாக்கிக்கொண்டிருக்கும். நுரையீரல் தழும்பேறி இறுகிப்போகும் ஆஸ்பெஸ்டோசிஸ், நுரையீரல் புற்றுநோய், நுரையீரலைச் சுற்றியுள்ள உறையில் வரும் மீசோதீலியோமா என்ற புற்றுநோய், மூன்றுமே நிதானமாகத்தான் தலைகாட்டும். மீசோதீலியோமாவுக்குப் பொதுவாக 20 முதல் 50 வருஷம் ஆகிறது.

அமெரிக்கா 1945 முதல் 1962 வரை நடத்திய அணுகுண்டுச் சோதனைகளில் பங்கேற்ற ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட படைவீரர்களைப் பல பத்தாண்டுகள் பின்தொடர்ந்த ஆய்வு ஒன்று உண்டு. அதில் கடற்படைக்காரர்களிடம் மீசோதீலியோமா சாவு பொதுமக்களைவிட ஏறத்தாழ இரண்டு மடங்காக இருந்தது, மெஷினிஸ்ட், பாய்லர், பைப் ஃபிட்டர் வேலை பார்த்தவர்களை மட்டும் தனியாக எடுத்துப் பார்த்தால் ஆறு மடங்கு. இது மிக அரிதான நோய் என்பதால் ஆறு மடங்கு கூடினாலும் பெரும்பாலோருக்கு வராது என்பதையும் கூடவே சொல்லிவிடுகிறேன், இன்று ராத்திரி தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். வழக்கமாகப் பார்க்கும் டாக்டரிடம் "பாய்லர் ரூமில் ஒன்பது வருஷம் இருந்தேன்" என்று சொல்லி ஃபைலில் எழுத வையுங்கள். ஒரு மார்பு எக்ஸ்ரேயும் நுரையீரல் செயல்திறன் பரிசோதனையும் இப்போதே எடுத்து வைத்தால், பின்னால் மாற்றம் வரும்போது ஒப்பிட்டுப் பார்க்க உதவும்.

கேள்வி: நான் பம்ப், வால்வு மெக்கானிக். குழாய்க்கு லேகிங் (சூடு வெளியே போகாமல் சுற்றும் உறை) சுற்றியவர்கள் வேறு ஆட்கள், நான் கல்நாரைத் தொட்டதே இல்லை. எனக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?

பதில்: இந்தக் கேள்விதான் என்னிடம் மிக அதிகமாக வருகிறது, என்னைக் கவலைப்படுத்துவதும் இதுதான். தொட்டதில்லை என்று நினைக்கிறீர்கள், ஆனால் ஒரு வால்வைக் கழற்றும் வேலையைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். முதலில் அதன்மேல் இருக்கும் லேகிங்கை உடைத்தோ கிழித்தோ எடுக்க வேண்டும். பிளாஞ்சை, அதாவது குழாய்கள் சேரும் விளிம்பைப் பிரித்தால் நடுவில் கசிவைத் தடுக்கும் காஸ்கட், சூட்டில் வெந்து இரும்போடு ஒட்டிப் போயிருக்கும், அதை ஸ்க்ரேப்பராலும் வயர் பிரஷாலும் சுரண்டி, மிச்சத்தைக் கம்ப்ரெஸ்டு ஏர் அடித்து ஊதித் தள்ளியிருப்பீர்கள். ஸ்பிண்டிலை, அதாவது வால்வின் தண்டைச் சுற்றிக் கசியாமல் அடைத்திருக்கும் பேக்கிங் கயிற்றைக் கொக்கி போட்டு இழுத்து, புதுசை அளந்து வெட்டித் திணித்திருப்பீர்கள். நீராவி ஓடும் லைன்களில் அந்தக் காலத்தில் இவை எல்லாவற்றிலும் பெரும்பாலும் கல்நார்தான். வெப்பம் தாங்கும், தீப்பிடிக்காது, விலையும் குறைவு, கப்பலுக்கு இதைவிட வேறென்ன வேண்டும் என்று போட்டார்கள்.

அப்புறம், தூசி ஆள் பார்த்துப் போவதில்லை. இன்ஜின் ரூம் அடைசலான இடம், ஒருவர் லேகிங் உடைத்தால் பக்கத்தில் மீட்டர் பார்த்துக்கொண்டிருப்பவரும் அதே காற்றைத்தான் சுவாசிக்கிறார். கப்பல் ரீஃபிட்டுக்கு, அதாவது பெரிய பழுதுபார்ப்புக்குப் போகும்போது நிலைமை இன்னும் மோசம். 1960-களில் இங்கிலாந்தின் டெவன்போர்ட் கடற்படைத் தளத்தில் ஹாரிஸ் என்ற மருத்துவர் ஆராய்ந்தபோது, மீசோதீலியோமா வந்தவர்கள் பெரும்பாலும் கல்நார் வேலைக்கென்றே இருந்தவர்கள் இல்லை, அதே கப்பலில் பக்கத்தில் நின்று வேறு வேலை பார்த்தவர்கள். ஆகவே டாக்டர் கேட்டால் "கல்நாரைத் தொட்டதில்லை" என்று சொல்லாதீர்கள். என்ன வேலை செய்தீர்கள் என்று சொல்லுங்கள், சம்பந்தம் உண்டா இல்லையா என்பதை அவர் முடிவு செய்யட்டும்.

கேள்வி: ஆபத்தில்லை என்றுதானே அப்போது சொன்னார்கள்? தெரிந்தே மறைத்தார்களா?

பதில்: ஆஸ்பெஸ்டோசிஸ் பற்றி முன்பே தெரியும். பிரிட்டனில் கல்நார்த் தொழிற்சாலைத் தூசிக்கு 1931-லேயே விதிமுறை போட்டுவிட்டார்கள். ஆனால் 1946-இல் அமெரிக்கக் கடற்படைக் கப்பல்களைக் கட்டிய இடங்களில் குழாய்க்கு லேகிங் போட்ட 1,074 பேரைப் பரிசோதித்து, மூன்று பேருக்குத்தான் ஆஸ்பெஸ்டோசிஸ், ஆகவே இது பெரிய ஆபத்தான வேலை இல்லை என்று எழுதினார்கள். அந்த 1,074 பேரில் 95 சதவீதம் பேர் அந்த வேலைக்கு வந்து பத்து வருஷம்கூட ஆகாதவர்கள்! நோய் வந்த மூவருமே இருபது வருஷத்துக்கு மேல் வேலை பார்த்தவர்கள். விடை அவர்கள் கையிலேயே இருந்தது. இருபது வருஷம் கழித்து வரும் நோயை ஐந்து வருஷத்தில் தேடினால் எப்படிக் கிடைக்கும்? பல வருஷம் அந்த அறிக்கையைக் காட்டியே ஆபத்தில்லை என்றார்கள், இதை நினைத்தால் எனக்கு இன்றும் கோபம் வருகிறது.

கேள்வி: ஸ்கேனில் "ப்ளூரல் பிளேக்" என்று எழுதியிருக்கிறார்கள். புற்றுநோயா?

பதில்: இல்லை. நுரையீரல் உறையில் ஏற்பட்ட தடிப்பு அது, புற்றுநோயாக மாறாது, பெரும்பாலும் மூச்சுக்கும் தொந்தரவு தராது, சிகிச்சையும் தேவையில்லை. ஆனால் கல்நார் உள்ளே போயிருக்கிறது என்பதற்கு அது ஒரு சாட்சி. அந்த ரிப்போர்ட்டைத் தொலைத்துவிடாதீர்கள்.

கேள்வி: 25 வருஷமாக சிகரெட். நுரையீரல்தான் ஏற்கெனவே போய்விட்டதே, இப்போது விட்டு என்ன ஆகப்போகிறது?

பதில்: நிறைய ஆகும். 1979-இல் வெளியான ஓர் ஆய்வின் கணக்கைச் சொல்கிறேன். இரண்டுமே இல்லாதவரோடு ஒப்பிட்டால், கல்நார் மட்டும் பட்டவருக்கு நுரையீரல் புற்றுநோயால் சாகும் வாய்ப்பு சுமார் 5 மடங்கு, சிகரெட் மட்டும் என்றால் சுமார் 11 மடங்கு, இரண்டும் சேர்ந்தால் 50 மடங்குக்கு மேல். ஒன்றை ஒன்று பெருக்கிவிடுகிறது. கல்நாரை உள்ளேயிருந்து எடுக்க வழியில்லை, சிகரெட்டை எடுக்க முடியும், உங்கள் கையில் இருப்பது அது ஒன்றுதான். மீசோதீலியோமா வாய்ப்பை மட்டும் சிகரெட் கூட்டுவதும் இல்லை, குறைப்பதும் இல்லை. 25 வருஷம் பிடித்தவர் என்பதால், குறைந்த கதிர்வீச்சு சி.டி. ஸ்கேன் உங்களுக்குப் பொருந்துமா என்றும் கேளுங்கள். கூடவே ஃப்ளூ, நிமோனியா தடுப்பூசிகளைப் போட்டுக்கொள்ளுங்கள்.

கேள்வி: அப்பா கப்பலில் டர்பைன் பக்கம் வேலை பார்த்தவர். நெஞ்சில் ஒரு பக்கம் நீர் கோர்க்கிறது. இரண்டு முறை எடுத்தும் திரும்ப வருகிறது. நீரைப் பரிசோதித்ததில் புற்றுநோய் செல் இல்லை என்கிறார்கள். நிம்மதியாக இருக்கலாமா?

பதில்: இருக்காதீர்கள் அம்மா, இந்த ஒரு கடிதத்துக்கு அன்றைக்கே பதில் போட்டுவிட்டேன், மற்றவர்களுக்காக இங்கேயும் எழுதுகிறேன். மீசோதீலியோமாவில் நீரை மட்டும் பார்த்தால் பல நேரம் தெரியாது. உறையிலிருந்து சதைத் துணுக்கு எடுத்துப் பார்க்க வேண்டும், கேமரா விட்டு நேரில் பார்த்து எடுப்பது நல்லது. ஒரே பக்கம் திரும்பத் திரும்ப நீர், விடாத நெஞ்சு வலி, காரணமில்லாமல் எடை குறைவது, இவற்றோடு கல்நார் வேலையும் இருந்திருந்தால் காத்திருக்கவே கூடாது. சிகிச்சை முழுமையாகக் குணப்படுத்துவது அரிது என்பது உண்மை, ஆனால் கீமோதெரபியும், சமீப வருஷங்களில் வந்திருக்கும் இம்யூனோதெரபியும் சிலருக்கு நாட்களைக் கூட்டித் தருகின்றன, நீர் திரும்பச் சேராமல் தடுத்தாலே மூச்சு எவ்வளவோ லேசாகும்.

கேள்வி: கப்பலில் இருந்த என் கணவரின் வேலை உடுப்பை உதறித் துவைத்தது நான்தான். எனக்கு வருமா?

பதில்: வாய்ப்பு அவருக்கு இருப்பதைவிடக் குறைவு, ஆனால் இல்லவே இல்லை என்று சொல்ல மாட்டேன். தொழிலாளியின் துணியில் வந்த தூசியாலேயே வீட்டிலிருந்தவர்களுக்கு மீசோதீலியோமா வந்ததை 1965-லேயே லண்டனில் பதிவு செய்திருக்கிறார்கள். நீங்களும் உங்கள் டாக்டரிடம் இதைச் சொல்லி வையுங்கள்.

கேள்வி: மகன் இப்போது கப்பலில் இருக்கிறான். புதுக் கப்பல்களில் கல்நார் கிடையாதுதானே?

பதில்: சர்வதேசக் கடல் பாதுகாப்பு ஒப்பந்தப்படி 2002 ஜூலையிலிருந்து கப்பல்களில் புதிதாகக் கல்நார் பொருத்தத் தடை, சில விலக்குகளோடு. 2011 ஜனவரியிலிருந்து அந்த விலக்குகளும் போய்விட்டன. ஆனால் அந்த ஒப்பந்தம் போர்க்கப்பல்களைக் கட்டுப்படுத்தாது, அங்கே அந்தந்த நாட்டின் விதிதான். ஏற்கெனவே பொருத்தியது பழைய கப்பல்களில் இருக்கலாம். சந்தேகமான காஸ்கட்டைக் காய்ந்தபடி சுரண்டாமல் நனைத்து எடுக்கச் சொல்லுங்கள், ஏர் அடிக்கவே கூடாது, துணி மாஸ்க் இதற்கு உதவாது.

கேள்வி: இழப்பீடு கேட்க என்ன வைத்திருக்க வேண்டும்?

பதில்: விதி நாட்டுக்கு நாடு மாறும், காலக்கெடுவும் உண்டு, பல இடங்களில் அது நோயைக் கண்டுபிடித்த நாளிலிருந்து ஓடும், ஆகவே நோய் உறுதியானதும் விசாரியுங்கள். எந்த நாடானாலும் கடைசியில் கேட்பது இரண்டுதான், என்ன நோய், அது அந்த வேலையால் வந்ததா. முதலாவதை மருத்துவமனை தரும், இரண்டாவதை நீங்கள்தான் தர வேண்டும். பணிப் பதிவில் கப்பல் பெயரும் தேதியும் இருக்கும், நீங்கள் காஸ்கட் சுரண்டியது இருக்காது. ஞாபகம் தெளிவாக இருக்கும்போதே ஒரு நோட்டில் எழுதுங்கள்: எந்தக் கப்பல், எந்த வருஷம், இன்ஜின் ரூமா பாய்லர் ரூமா, எந்த இயந்திரம், ரீஃபிட் எப்போது, எத்தனை மாதம் கப்பலிலேயே இருந்தீர்கள், படுக்கைக்கு மேல் லேகிங் சுற்றிய குழாய் ஓடியதா, கூட இருந்தவர்கள் யார். அவர்களில் யாராவது இருந்தால் இந்த வாரமே போன் செய்து, அவர்களுக்கு ஞாபகம் இருப்பதையும் கையெழுத்தோடு எழுதி வாங்கிவிடுங்கள்.