ரிசீவரில் ஒட்டியிருக்கும் டபிள்யூ6 எந்த ஊர்?

கிளிநொச்சியில் பழைய சாமான் மாற்றுகிற இடத்தில் எடுத்த ரேடியோ ரிசீவரில் 'டபிள்யூ6' என்று தொடங்கும் அழைப்புக்குறி (ஹாம், அதாவது பொழுதுபோக்கு வானொலிக்காரர் ஒவ்வொருவருக்கும் உள்ள அடையாளக் குறி) ஸ்டிக்கராக இருக்கிறது, அது எந்த ஊர், எங்கள் நாட்டு அழைப்புக்குறிகள் தொடங்கும் 4எஸ்7-இல் வரும் 7 வட மாகாணமா என்று கேட்டிருந்தீர்கள்.

7 மாகாணம் இல்லை. 4எஸ் என்றால் இலங்கை, அவ்வளவுதான். மாங்குளத்தில் இருந்து பேசினாலும் மாத்தறையில் இருந்து பேசினாலும் 4எஸ்7 வரும். அமெரிக்காவில் எண்ணுக்கு இடம் உண்டு; 6 கலிபோர்னியா. அதையும் முழுக்க நம்ப ஏலாது, இப்போது வேறு மாநிலத்துக்கு வீடு மாறினாலும் பழைய அழைப்புக்குறியையே வைத்திருக்கலாம். இந்தியாவின் வியூ2, வியூ3 இரண்டும் உரிமத்தின் தரத்தைக் காட்டுபவை. வியூ4 என்றால் அந்தமான் நிக்கோபார், வியூ7 லட்சத்தீவு.

சரி, ஸ்டிக்கரை விடுங்கள், பின்பக்கத் தகட்டைப் பாருங்கள். அமெரிக்காவில் ஓடின செட் 120 வோல்ட்டுக்கு இருக்கலாம். நேரே எங்கள் 230-இல் செருகினால் ட்ரான்ஸ்போமர் கருகிவிடும். தகட்டில் 120 மட்டும் இருந்தால் 230-ஐ 120 ஆக இறக்கும் ஸ்டெப்-டவுன் ட்ரான்ஸ்போமர் ஒன்று வாங்குங்கள். உள்ளே மேல்மூடி உப்பின கப்பாசிற்றர் இருந்தால் அதையும் முதலே மாற்றிவிடுங்கள்.

அப்புறம் நீளமான வயர் ஒன்றை வெளியே மரத்தில் கட்டி, பொழுதுபட 7 மெகாஹேர்ட்ஸ் பக்கம் திருப்புங்கள். வியூ2 என்று தொடங்கும் இந்திய ஹாம்களின் பேச்சு தானாகக் காதில் விழும்.