தோட்டத்தை வித்து டாக்டர் சீட்டா? கொஞ்சம் பொறுங்கண்ணா

கோத்தகிரி பக்கத்துல இருந்து ஒரு அண்ணா பேசினார். பொண்ணு அரசுப் பள்ளியில ப்ளஸ் டூ முடிச்சிருக்கா, மேக்ஸ் பயாலஜி குரூப், மார்க்கு நல்லாத்தான் இருக்கு, ஆனா நீட்ல 7.5 சதவீத ஒதுக்கீட்டுக்கும் எட்டல. இருக்குறது ஒண்ணரை ஏக்கர் தேயிலை, அதை வித்து வெளிநாட்டுல எம்பிபிஎஸ் சேர்த்துடலாம்னு மச்சான் ஒத்தக்கால்ல நிக்கிறாராம், ஏஜென்ட்டையும் அவரே கூட்டிட்டு வந்துட்டாராம். தூக்கமே வரமாட்டேங்குதுங்கன்னார்.

அண்ணா, "கவலைப்படாதீங்க, எல்லாம் நல்லபடியா நடக்கும்"னு சொல்லி உங்களை அனுப்புறது எனக்கு ரொம்ப ஈஸி. சொல்ல மாட்டேன். வெளிநாட்டுல முடிச்சுட்டு வந்தாலும் இங்க டாக்டரா வேலை பார்க்க எஃப்எம்ஜிஇன்னு ஒரு தகுதித் தேர்வு எழுதணும், அதை எழுதுறவங்கள்ல பாதிப் பேர் கூட பாஸ் ஆகுறதில்ல, எந்த ஏஜென்ட் நோட்டீஸ்லயும் இது பெருசா இருக்காது. நாளைக்கு ஏதாவது ஆச்சுன்னா மச்சான் வந்து உங்களுக்கு இலைக் காசு குடுக்கப் போறாரா? தோட்டம் போனா போனதுதான். அதை விடுங்க, பொண்ணுகிட்ட போன்ல தனியா பேசினேனே, டாக்டர்ங்கற வார்த்தை அவ வாயில இருந்து ஒரு தடவை கூட வரல.

அவ பேசினது பூரா உங்க வீட்டு ஓஸ் பைப்பைப் பத்தி. ஊத்துத் தண்ணி வர்ற கருப்பு ஓஸ் அடைச்சுக்கிச்சுன்னு நீங்க வெட்டிப் போட்டிருக்கீங்க, உள்ள வழவழன்னு படிஞ்சிருந்ததை விரல்ல எடுத்துப் பார்த்துட்டு, வெளிச்சமே போகாத பைப்புக்குள்ள பாசி எப்படிப்பா வளரும்னு கேட்டிருக்கா, நீங்க "போய் நீட்டுக்குப் படி"ன்னுட்டீங்க. அருமையான கேள்விங்க அது! அது பெரும்பாலும் பாசியே இல்ல, பாக்டீரியா கூட்டம். தானே ஒரு பசையைக் கக்கி அதுக்குள்ள பல இனம் சேர்ந்து குடியிருக்கும், பயோஃபிலிம்னு பேரு. பல்லுல படியுற மஞ்சள் படலமும் இதே ஜாதிதான், ஆஸ்பத்திரியில போடுற யூரின் ட்யூப்லயும் வரும், தனியா மிதக்குற கிருமியைக் கொல்ற மருந்து டோஸ் இதுக்குப் பத்தாது, அதனாலதான் அந்த இன்ஃபெக்ஷன் விட்டு விட்டு வருது.

அதோட நிக்கல அவ. ஸ்கூல் ஹைடெக் லேப்ல பைத்தான்ங்கற கம்ப்யூட்டர் மொழியில ஒரு கட்டம் போட்டு, செவப்பு ஒரு இனம், நீலம் ஒரு இனம், மேல இருந்து ஆக்சிஜன் வர்ற மாதிரி வெச்சு எது ஜெயிக்குதுன்னு ஓட்டிப் பார்த்திருக்கா. கீழ் வரிசை எப்பவுமே பட்டினியில நின்னுடுது சார், ஏதாவது தப்பா பண்ணிட்டேனான்னு கேட்டா. தப்பே இல்லம்மா, நெஜ பயோஃபிலிம்லயும் அப்படித்தான், மேல இருக்குறதுங்க ஆக்சிஜனைக் குடிச்சுடும், அடியில இருக்குறதுக்கு மிஞ்சாது.

இதைத் தொழிலாவே உலகம் பூரா பண்றாங்கண்ணா. 1986லயே வானர், குயர்னு ரெண்டு விஞ்ஞானிங்க பல இனம் கலந்த பயோஃபிலிமுக்குக் கணக்கு மாடல் போட்டாங்க, இப்ப ஒவ்வொரு பாக்டீரியாவையும் தனித்தனி ஆளா கம்ப்யூட்டர்ல வெச்சே ஓட்டுறாங்க. ஒவ்வொண்ணும் மோனோ சமன்பாட்டுப்படி தின்னும், அதாவது சத்து கூடக் கூட வேகமா வளரும், ஒரு எல்லைக்கு மேல வேகம் ஏறாது, ஒரு எடை வந்ததும் ரெண்டாப் பிரியும், இடம் பத்தலைன்னா பக்கத்துல இருக்குறதைத் தள்ளும். சத்து பரவுறது சில நொடி வேலை, செல் வளர்றது மணிக்கணக்கு, அதனால ரெண்டையும் ஒரே ஓட்டத்துல போடாம சத்துக் கணக்கை முதல்ல மாறாத நிலைக்குக் கொண்டு வந்துட்டு அப்புறம் வளர்ச்சியை ஒரு படி நகர்த்துவாங்க, இந்த இடத்துலதான் மேக்ஸ் தெரிஞ்சவங்க தேவைப்படுது. 2007ல சேவியர், ஃபாஸ்டர் ரெண்டு பேரும் ஒரு மாடல் ஓட்டினாங்க: பசை கக்குற இனத்துக்கு அதுக்கே சத்து செலவாகுது, பார்த்தா தோக்க வேண்டிய கட்சி, ஆனா அந்தப் பசையாலேயே தன் பிள்ளைகளை ஆக்சிஜன் இருக்குற உயரத்துக்குத் தூக்கி விட்டுட்டு, பசை கக்காததைக் கீழ அமுக்கி மூச்சு முட்ட வெச்சுடுது. நம்ம சொந்தபந்தம் மாதிரியேன்னு நினைச்சுக்கிட்டேன், சரி விடுங்க. சத்து கம்மியா இருந்தா ஒவ்வொரு இனமும் தனித்தனி பாத்தியாப் பிரிஞ்சு வளரும், சத்து தாராளமா இருந்தா கலந்தே கிடக்கும், இதுவும் மாடல்ல பார்த்ததுதான். ஐடைனோமிக்ஸ், நியூஃபெப்னு இதுக்கான சாஃப்ட்வேர் எல்லாம் இலவசம்.

சம்பளம் யார் குடுப்பாங்கன்னு கேப்பீங்க, கேக்கணும். கல்பாக்கத்துல கடல் தண்ணிக் குழாய்ல படியுற படலத்தைப் பத்தி ஆராய பாபா அணு ஆராய்ச்சி மையத்து (பார்க்) ஆளுங்களே இருக்காங்க. சாக்கடைத் தண்ணியைச் சுத்தம் பண்ற பல பிளான்ட்ல வேலை செய்யுறது பயோஃபிலிம்தான், அம்மோனியாவை ஒரு இனம் நைட்ரைட் ஆக்கும், அதை இன்னொரு இனம் நைட்ரேட் ஆக்கும், இந்தக் கூட்டணி கெட்டா பிளான்ட்டே கெட்டுப்போகும். ஆனா "பயோஃபிலிம் மாடலர் தேவை"ன்னு பேப்பர்ல விளம்பரம் வராது, அதையும் இப்பவே சொல்லிடுறேன். பிஎச்டி வரைக்கும் போற பாதை இது, வருஷம் பிடிக்கும்.

படிப்பு? ஊட்டி அரசு கலைக் கல்லூரியில பிஎஸ்சி மேக்ஸ். ஃபீஸ் சில ஆயிரத்துல முடிஞ்சுடும், அரசுப் பள்ளியில ஆறாவதுல இருந்து படிச்ச பொண்ணுன்னா புதுமைப் பெண் திட்டத்துல மாசம் 1000 ரூபா வரும், பஸ் செலவுக்கு ஆச்சு. காலேஜ் பாடம் மட்டும் பத்தாது, டிஃபரன்ஷியல் ஈக்குவேஷனும் பைத்தானும் சாயந்திரம் தானா படிக்கணும், அதை அவ படிப்பா, யாரும் சொல்லாமலே கட்டம் போட்டு ஓட்டின பொண்ணு. அப்புறம் ஜாம்ங்கற நுழைவுத் தேர்வு எழுதி ஐஐடியில எம்எஸ்சி, எம்எஸ்சிக்கு அப்புறம் நெட் தேர்வு எழுதி ஜேஆர்எஃப்ங்கற ஆராய்ச்சி உதவித்தொகை, அது கிடைச்சா இப்ப மாசம் 37,000 ரூபா, படிக்கிறதுக்கே அவங்க குடுக்குறாங்க. சென்னை தரமணியில இருக்குற ஐஎம்எஸ்சிங்கற கணித அறிவியல் நிறுவனத்துல கணக்கீட்டு உயிரியல்ல ஆராய்ச்சியே பண்ணலாம். ஐசர்ங்கற மத்திய அரசு அறிவியல் கல்வி நிறுவனத்துக்கும் ப்ளஸ் டூ முடிச்சதுமே எழுதுற தனி எக்ஸாம் இருக்கு, ஐஏடின்னு, அஞ்சு வருஷப் படிப்பு, எழுதிப் பார்க்கட்டும், ஆனா அங்க செலவு ஜாஸ்தி, ஸ்காலர்ஷிப் உறுதியாகாம அட்மிஷன் போடாதீங்க. நான் இதுல ரொம்பக் கறார்.

இன்ஜினியரிங், அக்ரி, நர்சிங் பத்தி உங்களுக்கு நானே சொல்லணும்னு இல்ல, ஊர்ல எல்லாரும் சொல்லுவாங்க.

நடுவுல அவளுக்கே இது கசந்துட்டா? ரெண்டாம் வருஷம் வரைக்கும் பார்க்கட்டும், பிஎஸ்சி மேக்ஸ் எந்தக் கதவையும் சாத்தாது, பிஎட் இருக்கு, பேங்க் எக்ஸாம் இருக்கு, கோடிங் தெரிஞ்சதால டேட்டா வேலையும் இருக்கு, கடன்னு ஒரு பைசா தலை மேல இருக்காது. ஏஜென்ட்டுக்கு அட்வான்ஸ் ஏதும் குடுத்திருந்தா மட்டும் இந்த வாரமே போய்த் திருப்பிக் கேளுங்க, லேட் பண்ணினா ப்ராசஸிங் சார்ஜுன்னு புடிச்சுக்குவாங்க.