நான்கு பேருக்கு மூன்று ஜாக்கெட்டா?

கேள்வி: அம்மா, எனக்கு 41 வயது. மதுரையில் தனியார் கம்பெனியில் வேலை. மனைவி, 13 வயதில் மகன், 9 வயதில் மகள். ஞாயிற்றுக்கிழமையானால் பிள்ளைகள் செல்போனும் கையுமாகக் கிடப்பதைப் பார்த்து, காற்றடைக்கும் கயாக், அதாவது துடுப்புப் படகு, இரண்டு வாங்கினேன். ஊருக்குக் கிழக்கே ஒரு பெரிய கண்மாய் இருக்கிறது. விடிந்ததும் காரைக் கரைமேல் நிறுத்தி, அங்கேயே படகை இறக்கிவிடுவோம். நானும் மகனும் ஒன்றில், மனைவியும் மகளும் இன்னொன்றில். நத்தைக்குத்தி நாரை, பாம்புத்தாரா, தாழைக்கோழி என்று பிள்ளைகள் இன்று 30 பறவைக்குப் பெயர் சொல்வார்கள். பைனாகுலர், தண்ணீர் புகாத கேமரா எல்லாம் வாங்கிவிட்டேன். லைஃப் ஜாக்கெட்டும் மூன்று இருக்கிறது. பிள்ளைகளுக்கு இரண்டு, எனக்கு ஒன்று. மனைவி ஓரமாகத்தான் ஓட்டுவாள். எனக்குச் சின்ன வயதிலேயே கிணற்று நீச்சல் பழக்கம். அவளுக்கு நீச்சல் தெரியாது, தண்ணீர் என்றாலே பயம். கார்த்திகையில் ஒருநாள் கூழைக்கடாக் கூட்டத்தைப் பார்த்து மகன் எழுந்து நிற்க, எங்கள் படகு சாய்ந்து போய் அவர்கள் படகில் இடித்துவிட்டது. அவள் போட்ட கூச்சலில் பறவை எல்லாம் பறந்துவிட்டன. எரிச்சலில் பிள்ளைகள் முன்னாலேயே திட்டிவிட்டேன். அன்றிலிருந்து அவள் வருவதில்லை. டிபன் கட்டிக் கொடுத்து அனுப்பிவிட்டு வீட்டில் இருந்துகொள்கிறாள். நாங்கள் மூன்று பேர் மட்டும் போய் வருகிறோம். குடும்பமாகப் போகத்தான் இத்தனையும் வாங்கினேன். அவளுக்கு இயற்கையில் ஆர்வம் வர என்ன செய்வது?

– பெயர் வெளியிட விரும்பாத வாசகர், மதுரை

பதில்: தம்பி, உங்கள் மனைவியின் ஆர்வத்தைப் பற்றி அப்புறம் பேசலாம். முதலில் அந்த மூன்று ஜாக்கெட்டுக்கு வருகிறேன்.

நான்கு பேர் தண்ணீரில் இறங்கியிருக்கிறீர்கள். ஜாக்கெட் மூன்று. கிணற்றில் நீந்திப் பழகிய உங்களுக்கு ஒன்று இருக்கிறது. நீச்சலே தெரியாத உங்கள் மனைவிக்கு இல்லை. இதை பைனாகுலர் வாங்கிய கதையோடு சேர்த்துச் சொல்லிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விட்டீர்கள். என்னால் அந்த வரியைத் தாண்டி வர முடியவில்லை.

"மனைவி கூட வர மாட்டேன் என்கிறாள்" என்று எனக்கு நிறையக் கடிதங்கள் வருகின்றன. மலையேறப் போகிறவர், பைக்கில் ஊர் சுற்றுகிறவர், தோட்டம் வாங்கிப் போட்டவர் என்று ஆள்தான் வேறு. கணவர் ஆசைப்பட்டு ஒன்றைத் தொடங்குவார், மனைவி கொஞ்ச நாளில் ஒதுங்கிக்கொள்வார், அவளுக்கு ரசனை இல்லை என்று வீட்டில் பேச்சாகிவிடும். அவர் ஏன் ஒதுங்கினார் என்பது பெரும்பாலும் அதே கடிதத்தில் எங்காவது எழுதியே இருக்கும். உங்கள் கடிதத்திலும் இருக்கிறது.

கோரிப்பாளையம் சிக்னலில் ஐந்து நிமிடம் நின்று பாருங்கள். வண்டி ஓட்டுகிற கணவர் தலையில் ஹெல்மெட் இருக்கும். பின்னால் குழந்தையை மடியில் வைத்து உட்கார்ந்திருக்கும் பெண்ணின் தலையில் ஒன்றும் இருக்காது. நம் வீடுகளில் எது ஒன்று குறைந்தாலும் அது அம்மாவின் பங்கில்தான் குறைகிறது. யாரும் திட்டம் போட்டுச் செய்வதில்லை, நீங்களும் செய்யவில்லை. ஆனால் தண்ணீர் புகாத கேமரா வேண்டும் என்று தோன்றிய உங்களுக்கு, மனைவிக்கு ஒரு ஜாக்கெட் வேண்டும் என்று தோன்றவில்லை. அதைத்தான் நான் கேட்கிறேன்.

"ஓரமாகத்தான் ஓட்டுவாள்" என்று ஒரு சமாதானம் சொல்கிறீர்கள். எந்த ஓரம்? காரைக் கரைமேல் நிறுத்தி அங்கேயே படகை இறக்குவதாக நீங்களே எழுதியிருக்கிறீர்கள். கண்மாயில் கரையடிதான் ஆழம். சரிவாக இறங்கி வருகிற நிலத்தில், தாழ்ந்த பக்கத்தில் மண்ணைக் குவித்துக் கரை போட்டுத் தண்ணீரைத் தேக்கியதுதான் கண்மாய். கரைக்கு எதிரே, தண்ணீர் வந்து சேரும் உள்வாய்ப் பக்கம் முழங்கால் தண்ணீர் கிடக்கும்போது கரையடியில் ஆளை முழுங்கும் ஆழம் இருக்கும். மடையும் அங்கேதான். பாசனத்துக்கு மடை திறந்திருந்தால் அந்த இடத்தில் தண்ணீர் உள்ளே இழுக்கும். மேலே அலையே தெரியாது. உங்கள் மனைவியை இருப்பதிலேயே ஆழமான இடத்தில் ஜாக்கெட் இல்லாமல் விட்டுவிட்டு, ஓரத்தில்தானே இருக்கிறாள் என்று நிம்மதியாக இருந்திருக்கிறீர்கள்.

உள்வாயில் இறங்கினாலும் கண்ணை மூடிக்கொண்டு இறங்க முடியாது. வண்டல் அள்ளிய பள்ளங்கள் தண்ணீருக்கு அடியில் எங்கே இருக்கின்றன என்று அந்த ஊர்க்காரர்களுக்குத்தான் தெரியும். நாலு அடி முன்னால் இடுப்பளவு இருந்த தண்ணீர் அடுத்த எட்டில் தலைக்கு மேல் போய்விடும். சேறு வேறு. படகிலிருந்து விழுந்தவர் காலை ஊன்றி நிற்கப் பார்ப்பார், கால் புதையும், பதறுவார். ஜாக்கெட் போட்டவர் மிதந்துகொண்டு கூப்பிடலாம்.

அடுத்தது உங்கள் மகள். அவளுக்கு ஜாக்கெட் போட்டுவிட்டேன், பத்திரமாக இருக்கிறாள் என்று நினைக்கிறீர்கள் அல்லவா? அன்று அந்தப் படகு கவிழ்ந்திருந்தால் என்ன நடந்திருக்கும் என்று யோசியுங்கள். மகள் மிதப்பாள். பக்கத்திலேயே அவள் அம்மா முங்கிக்கொண்டிருப்பார். மூச்சுக்குத் தவிக்கிற உடம்பு கைக்கு எது எட்டினாலும் பிடித்து அழுத்தும், அது பெற்ற பிள்ளையே ஆனாலும். ஒன்பது வயதுப் பிள்ளையின் ஜாக்கெட் இரண்டு பேரைத் தாங்காது. நம் பக்கத்துக் கண்மாய், கிணறு, குவாரிச் சாவுச் செய்திகளைப் படித்திருப்பீர்கள். ஒருவர் விழுவார், காப்பாற்றப் போனவரும் சேர்ந்து போவார். உங்கள் மனைவிக்கு ஜாக்கெட் இல்லாதபோது உங்கள் மகளுக்கும் பாதுகாப்பு இல்லை.

2009 செப்டம்பர் 30 அன்று தேக்கடியில் சுற்றுலாப் படகு கவிழ்ந்து 45 பேர் இறந்தார்கள். கரையில் விலங்குகளைக் கண்டதும் பயணிகள் ஒரு பக்கமாகத் திரண்டதில் படகு சாய்ந்தது என்று அப்போது பேசப்பட்டது. லைஃப் ஜாக்கெட் போடாமலே அத்தனை பேரும் படகில் இருந்தார்கள். எதையோ ஆசையாகப் பார்க்க எழுந்தவர்கள் அவர்கள். உங்கள் மகனும் கூழைக்கடாவைப் பார்க்கத்தான் எழுந்தான். அவனைக் குற்றம் சொல்ல மாட்டேன், பதின்மூன்று வயதில் எழத்தான் தோன்றும். படகில் எழுந்து நிற்கக் கூடாது என்பதைக் கரையிலேயே அவன் மண்டையில் ஏற்றியிருக்க வேண்டியவர் நீங்கள்.

அப்படிப்பட்ட நேரத்தில்தான் உங்கள் மனைவி கத்தினார். வேறு என்ன செய்திருக்க வேண்டும்? மடியில் பிள்ளை மாதிரி முன்னால் மகள் உட்கார்ந்திருக்கிறாள், படகு சாய்கிறது, உடம்பில் ஜாக்கெட் இல்லை, நீச்சல் தெரியாது. அந்தக் கூச்சலில் உங்களுக்குக் கேட்டது பறவைகள் பறந்த சத்தம் மட்டும்தான். அதற்காகப் பிள்ளைகள் முன்னால் திட்டவும் செய்தீர்கள். அம்மாவின் உயிரைவிட அப்பாவுக்குப் பறவை பெரிது என்று அந்தப் பிள்ளைகள் எடுத்துக்கொண்டால் அதை எப்படி மாற்றுவீர்கள்?

தண்ணீர் என்றாலே பயம் என்று குறையாக எழுதியிருக்கிறீர்கள். பயந்துகொண்டே, ஜாக்கெட்டும் இல்லாமல், நீங்கள் ஆசைப்பட்டீர்கள் என்பதற்காக ஞாயிறு தவறாமல் ஏறி உட்கார்ந்தவர் அவர். விடியுமுன் எழுந்து நாலு பேருக்கு டிபன் கட்டிவிட்டுத்தான் ஏறியிருப்பார். உங்கள் குடும்பத்தில் தைரியம் யாருக்கு என்று என்னைக் கேட்டால் அவரைத்தான் சொல்வேன். குடும்பத்தைத் தண்ணீரில் இறக்குகிற ஆண், மற்ற மூன்று பேருக்கும் போட்டுவிட்டு நாலாவதாகத்தான் தன்னுடையதைப் போட வேண்டும். மூன்றுதான் இருக்கிறது என்றால் அவர் கரையில் உட்கார வேண்டும். இதில் எனக்கு இரண்டாவது கருத்து கிடையாது.

இப்போது மூன்று பேராகப் போகிறீர்கள், அதுவும் எனக்குப் பயமாக இருக்கிறது. மகள் எந்தப் படகில் இருக்கிறாள்? அண்ணனும் தங்கையும் தனிப் படகிலா, அல்லது இரண்டு பேர் படகில் மூன்று பேரா? இரண்டுமே தப்பு. இந்த ஞாயிறு போகாதீர்கள்.

செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். பிள்ளைகளை முன்னால் வைத்துத் திட்டினீர்கள், அவர்களை முன்னால் வைத்தே மனைவியிடம் மன்னிப்புக் கேளுங்கள். தனியாகச் சமையலறையில் போய்க் கேட்பது கணக்கில் வராது. ஜாக்கெட் இல்லாமல் ஏற்றியது என் தப்பு என்று வாய்விட்டுச் சொல்லுங்கள்.

அப்புறம் ஜாக்கெட். எத்தனை கிலோ எடையுள்ளவருக்கு என்று உள்ளே துணிச்சீட்டில் போட்டிருக்கும். இருக்கிற மூன்றையும் முதலில் அதைப் பார்த்துச் சரிபாருங்கள். போட்டு, பக்கிள் எல்லாம் மாட்டி, தோள்பட்டையைப் பிடித்து மேலே தூக்குங்கள். காதுவரை ஏறி வந்தால் அது லூஸ், தண்ணீரில் உருவிக்கொண்டு போய்விடும். மகளுக்குக் கால்களுக்கு நடுவே வார் வருகிற மாதிரி வாங்குங்கள். மனைவியின் அளவுக்கு அவரையே போட்டுப் பார்க்கச் சொல்லி வாங்குங்கள். சேலையோடும் துப்பட்டாவோடும் படகில் உட்கார வைக்காதீர்கள், நனைந்தால் காலைச் சுற்றிக்கொள்ளும்.

கண்மாய் உங்கள் வீட்டுக் குளம் கிடையாது. 40 ஹெக்டேருக்கு மேல் பாசனம் உள்ளவை நீர்வளத்துறையிடமும் சின்னவை ஊராட்சி ஒன்றியத்திடமும் இருக்கும். கேட்டு அனுமதி வாங்குங்கள். மீன் குத்தகை எடுத்தவரிடமும் பேசுங்கள், வலை கட்டியிருக்கும் இடத்தை அவர் சொல்வார், பள்ளம் எங்கே என்றும் சொல்வார். தண்ணீருக்குள் நிற்கும் சீமைக்கருவேல முள் காற்றடைத்த படகை என்ன செய்யும் என்று மதுரைக்காரருக்குச் சொல்ல வேண்டியதில்லை. வெயில் ஏறினால் காற்றும் ஏறும், லேசான படகை எங்காவது தள்ளிக்கொண்டு போகும். அதற்குள் கரை சேர்ந்துவிடுங்கள்.

மனைவியைத் திரும்பக் கூப்பிடுமுன், இடுப்பளவுத் தண்ணீரில் நாலு பேரும் ஜாக்கெட்டோடு வேண்டுமென்றே விழுந்து பழகுங்கள். முதலில் நீங்கள் விழுங்கள். ஜாக்கெட் தன்னைத் தாங்குகிறது என்று உடம்புக்குத் தெரிந்தால்தான் பயம் குறையும், வாயால் தைரியம் சொல்லி ஒன்றும் ஆகாது. ரேஸ் கோர்ஸ் மைதான நீச்சல் குளத்தில் பெண்களுக்கு எந்த நேரம் என்று விசாரித்துச் சொல்லுங்கள். அவர் விரும்பினால் போகட்டும். அந்த நேரத்தில் வீட்டைப் பார்த்துக்கொள்வது உங்கள் வேலை.

பறவைகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஒரே கூச்சலில் மொத்தக் கூட்டமும் கிளம்பும் அளவுக்கு நீங்கள் நெருங்கியிருக்கிறீர்கள். மேய்கிற நாரை தலையை நிமிர்த்தி உங்களைப் பார்த்தால் துடுப்பை நிறுத்திவிட வேண்டும். அது நடந்து விலக ஆரம்பித்தால் ஏற்கெனவே அதிகம் போய்விட்டீர்கள் என்று அர்த்தம். ஐப்பசி மழைக்குப் பிறகு இந்தப் பக்கத்துக் கண்மாய்களில் தண்ணீருக்குள் நிற்கும் கருவேல மரங்களில் நாரையும் கொக்கும் நீர்க்காகமும் கூடு வைக்கும் காலம். தாய் பதறி எழுந்தால் அந்தக் கொஞ்ச நேரத்தில் காக்கை முட்டையைக் கொத்திவிடும், குஞ்சு வெயிலில் காயும். கூடு உள்ள மரத்துப் பக்கம் படகே போகக் கூடாது. சிவகங்கை மாவட்டத்தில் வேட்டங்குடிச் சரணாலயத்தை ஒட்டிய கொள்ளுக்குடிப்பட்டி மக்கள், கூட்டிலிருக்கும் பறவைகளுக்காகத் தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை. அங்கே ஒருநாள் பிள்ளைகளைக் கூட்டிப் போங்கள். கரையில் நின்றே பார்க்கலாம். சாமநத்தம் கண்மாயையும் அப்படிக் கரையிலிருந்தே பார்க்கலாம், அதற்கு உங்கள் மனைவி தாராளமாக வரக்கூடும். அவருக்கு இயற்கை பிடிக்காது என்று கடிதத்தில் ஒரு இடத்திலும் இல்லை. படகு பயமாக இருக்கிறது என்றுதான் இருக்கிறது.

இத்தனையும் செய்த பிறகும் படகில் ஏற மாட்டேன் என்று அவர் சொன்னால் விட்டுவிடுங்கள். பிள்ளைகளை விட்டு நச்சரிக்க வைக்காதீர்கள். மச்சானோ நண்பரோ, நீச்சல் தெரிந்த இன்னொரு பெரியவரைச் சேர்த்துக்கொண்டு, படகுக்கு ஒரு பெரியவராகப் போய் வாருங்கள். ஞாயிறு காலை அவர் எழ வேண்டிய அவசியமில்லை. டிபனை நீங்களே செய்து கட்டிக்கொள்ளுங்கள்.